அப்பா ‘சரி’ என்று சொன்ன வண்டி

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்து, எழுந்துகொண்டிருக்கிறோம், அதை நலம் என்றே வைத்துக்கொள். நீயும் அந்த மலைக்காற்றில் சளி இருமல் இல்லாமல் கை கால் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. கை கால் என்று எழுதும்போதே மனசு உன் வண்டியில் போய் நிற்கிறது. கடிதமே அதைப் பற்றித்தான், ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் நீ மடித்து உன் மாட்டு மருந்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் முதலில் வீட்டுச் சமாச்சாரம். லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது, உதிரிபாகம் வர வேண்டும் என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டுப் போனார்கள், இப்போது அந்த அட்டையும் பழசாகிவிட்டது. தையல் கூடத்தில் ஏதோ ஆஸ்பத்திரிக்கு நர்சுகளின் சட்டை தைக்கிறோம், பாக்கெட்டை வலது பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு எல்லாம் தைத்து முடித்த பிறகு இடது பக்கம் என்றார்கள், ஒரு வாரமாகப் பிரித்துப் பிரித்து என் விரல் நுனியெல்லாம் எரிகிறது. அண்ணனுக்கு வேலை நேரம் மாறிவிட்டது, வீட்டுக்கு வந்தால் பேச்சில்லை, தட்டைப் பார்க்கிறான், போனைப் பார்க்கிறான், தூங்கிவிடுகிறான். அவனைக் குறை சொல்லவில்லை, அப்பாவைக் காலையில் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவது அவன்தான்.

அப்பாவுக்குக் கால் கொஞ்சம் தேவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு உன் அறையிலிருந்து கூடம் வரைக்கும் வந்துவிடுகிறார். வலது கை அப்படியேதான் கிடக்கிறது, தூங்கும்போது நான்தான் எடுத்து வயிற்றின்மேல் வைக்கிறேன். பேச்சுதான் உனக்குத் தெரியுமே, ‘சரி’ என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் போனது போனதுதான். பசித்தாலும் சரி, தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி, விசிறியை நிறுத்து என்றாலும் சரி. நேற்று வெந்நீர் சூடு தாங்காமல் என் கையைத் தட்டிவிட்டபோதும் சரி சரி என்றுதான் கத்தினார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற டாக்டரம்மா, சொல்லெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, எடுக்கப் போனால் கைக்கு இது ஒன்றுதான் அகப்படுகிறது என்கிறார். முதலில் எங்களுக்குச் சிரிப்புக்கூட வந்தது. நான் என்ன கேட்டாலும் ஆட்சேபணை இல்லாத புருஷன் எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் கிடைத்திருக்கிறார் என்று தையல் கூடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ அந்தப் பெரிய பைக்கின் படத்தை அனுப்பிய நாளிலிருந்து அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

உன் படம் வந்தபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன்தான் போனை எடுத்துப் போய் அப்பா முகத்துக்கு நேரே காட்டினான், உன் சின்ன வண்டியை விட இரண்டு பங்கு சக்தியாம் அப்பா, பழசுதான், ஆனால் ஒரே ஆள் ஓட்டினதாம், வாங்கட்டுமா என்று கேட்கிறாள் என்றான். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சரி என்றார். அண்ணன் அதை அப்படியே உனக்கு எழுதிவிட்டான், நீயும் பதிலுக்குப் பூவும் கைதட்டலுமாக நாலு பொம்மைப் படம் அனுப்பிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவன் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தார். சரி, சரி, சரி என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சரி. நான் மாவுக் கையோடு ஓடி வந்து பார்க்கிறேன், கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நிற்கிறது. மகிழ்ச்சியில் சொல்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். மகிழ்ச்சியில் ஒரு மனுஷன் கட்டிலை அப்படித் தட்டுவானா. அண்ணனைக் கூப்பிட்டு மறுபடி படத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினால் திரையை விரலால் குத்துகிறார், குத்தினால் படம் நழுவிப் போய் வேறு ஏதோ வந்து நிற்கிறது, போன மாசத்துக் கரண்ட் ரசீது, உன் கன்றுக்குட்டி படம். அவர் மறுபடி தட்டுகிறார். அண்ணனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவரே சரின்னுட்டார், நீ ஏம்மா போட்டுக் குழப்பிக்கறே என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டான். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. ஊட்டப் போனால் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

உன் அப்பா வேலை பார்த்த இடத்தை நீ சின்ன வயசில் பார்த்திருக்கிறாய். பழுது பார்த்து முடித்த வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். ஊரில் உள்ளவர்களின் வண்டியையெல்லாம் ஓட்டினார், தனக்கென்று வைத்திருந்தது அந்தச் சுண்டைக்காய் ஸ்கூட்டர் ஒன்றுதான். சுற்றி வந்து இறங்கினால் நீளமாகப் பேச மாட்டார், பின்சக்கரம் அழுவுது என்பார், முன் பிரேக் பொய் சொல்லுது என்பார், அவ்வளவுதான், அதைக் கேட்டு மற்றவர்கள் மறுபடி கழற்றுவார்கள். அப்படிப்பட்டவர் உன் வண்டியில் எதையோ பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு அதைச் சொல்ல அவரிடம் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது, அதுவும் நேர் எதிரான சொல்.

மறுநாள் மத்தியானம் நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பீரங்கிக்குப் போன் போட்டேன். அப்பாவோடு அதே இடத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாரே, நீகூட அவர் தும்மினால் காதைப் பொத்திக்கொள்வாய், அதே பீரங்கிதான். குரல் இன்னும் குறையவில்லை, வீட்டு வாசலுக்கு வரும் முன்னாலேயே அடுத்த வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது. படத்தைப் பார்த்தார், வண்டி ஜோராக இருக்கிறதே அண்ணி என்றார். அப்பாவிடம் கேட்டார். சரி. என்ன அண்ணே, நல்லா இருக்கா? சரி. நல்லா இல்லையா? சரி. டயரா? சரி. என்ஜினா? சரி. பீரங்கி போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவராகவே, போனில் காட்டினால் ஆகாது, நிஜ வண்டி முன்னால் உட்கார வைப்போம், வாயை மறந்துவிட்டுக் கையைப் பார்ப்போம் என்றார்.

லிஃப்ட் இல்லை என்று சொன்னேனே. கீழ்வீட்டுக் கூரியர் தம்பி அப்போதுதான் சாப்பிட வந்திருந்தான், அவனைக் கூப்பிட்டோம். பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து, பிரித்துப் போட்ட நர்சு சட்டைத் துணியை முறுக்கி இடுப்பைச் சுற்றிக் கட்டி, முன்னால் தம்பி, பின்னால் பீரங்கி, நடுவில் நான் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். மாடிப்படியில் கதவைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார்கள், இல்லை, வண்டி பார்க்கப் போகிறோம் என்று பீரங்கி முழங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பா தெருவுக்கு இறங்குவது இதுதான் முதல் தடவை. வெயில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு ஒரு நிமிஷம் கொடுப்போம் என்று நாங்களும் சும்மா நின்றோம்.

கூரியர் தம்பியின் வண்டி பக்கத்தில் நாற்காலியைப் போட்டதும் அப்பாவின் இடது கை தானாகவே நீண்டது. முதலில் முன் டயரை அமுக்கிப் பார்த்தார், அது பழக்கதோஷம் என்று பீரங்கி சொன்னார். அதிலிருந்து மேலே, டயரின் இரண்டு பக்கமும் கால்கள் மாதிரி இறங்குகிற குழாய்களில் தடவிக்கொண்டே போனார். அங்கே நிற்கவில்லை. இன்னும் மேலே, ஹேண்டில்பாருக்குக் கீழே, பெட்ரோல் டேங்குக்கு முன்னால், வண்டியின் எலும்புக்கூடு வந்து சேருகிற இடம் ஒன்று இருக்கிறது, அதைக் கழுத்து என்கிறார்கள், அதற்குள் விரலைவிட்டுத் தட்டினார். பீரங்கி அந்தக் கையை எடுத்து பிரேக்கில் வைத்தார், அது நழுவி மறுபடி கழுத்துக்குப் போயிற்று. செயினில் வைத்தார், மறுபடி கழுத்துக்கு. மூன்றாவது தடவை கையை எடுக்கப் போனபோது அப்பா பீரங்கியின் விரலையே பிடித்துக்கொண்டார். பீரங்கி போனை வாங்கி உன் படத்தை விரலால் அகட்டி அகட்டிப் பெரிதாக்கினார். அந்த மனுஷர் பேசாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார், “அண்ணி, இந்த ஒரு சாண் இடத்துல மட்டும் கம்பெனி பெயிண்ட் இல்ல. நான் அடிச்சிருந்தாலும் இப்படித்தான் தெரியும்.”

எனக்கு விளங்கவில்லை, விளக்கச் சொன்னேன். பைக் எங்கேயாவது நேராகப் போய் மோதினால் அடி சக்கரத்தில் விழுந்து, அந்தக் கால்களில் ஏறி, கடைசியில் கழுத்தில் போய்த்தான் இறங்குமாம். கால்கள் வளைந்தால் மாற்றிவிடலாம், விளக்கு உடைந்தால் வேறு போடலாம், கழுத்து வளைந்தாலோ விரிசல் விட்டாலோ அது வண்டியின் உயிருக்கே வந்த கேடு. சிலர் அதைப் பற்றவைத்து மேலே பெயிண்ட் பூசி விற்றுவிடுவார்களாம். மெதுவாகப் போகிற வரைக்கும் ஒன்றுமே தெரியாதாம். வேகமாக இறக்கத்தில் வரும்போதுதான், பின்னால் பாரமும் இருந்துவிட்டால், முன்பக்கம் உதற ஆரம்பிக்குமாம், ஆரம்பித்தால் அதை யாராலும் பிடித்து நிறுத்த முடியாதாம். ஆனால் அண்ணி, துருப் பிடித்ததற்காகவும் ஒருத்தன் பெயிண்ட் அடித்திருக்கலாம், படத்தை வைத்துக்கொண்டு சத்தியம் பண்ண முடியாது என்றும் அவரே சொன்னார். அப்பா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அந்தத் தெருவில் நின்றபடியே உனக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பீரங்கி போட்டார், தம்பி போட்டான், வேலையிலிருந்து அண்ணன் போட்டான். அந்தப் பெண்குரல் மட்டும்தான் எத்தனை தடவையும் சலிக்காமல் பதில் சொன்னது. சாயங்காலம் நீயாகக் கூப்பிட்டபோது உன் குரலுக்கு முன்னால் காற்றுதான் கேட்டது. நீ என்னென்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஒரு சொல் விடாமல் இருக்கிறது. வாங்கிட்டேம்மா, ஏத்தத்துல நிக்கவே இல்ல, மூச்சுக்கூட வாங்கலம்மா என்றாய். சின்ன வண்டி பாதி ஏற்றத்தில் நின்றுபோய், அதைத் தள்ளிக்கொண்டு நீ போய்ச் சேருவதற்குள் கன்று போட முடியாமல் கிடந்த அந்த மாடு செத்துப்போனதையும், அந்த வீட்டுக்காரம்மா உன்னை ஒன்றுமே சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதையும் அப்போதுதான் சொன்னாய். இனிமே அப்படி ஆகாதும்மா என்றாய். அதைக் கேட்ட பிறகு வண்டியைத் திருப்பிக் கொடு என்று நான் எந்த வாயால் சொல்வது. ஆனாலும் அடித் தொண்டையிலிருந்து கத்தினேன், “கழுத்தப் பாருடி, மொதல்ல கழுத்தப் பாரு.” நீ சிரித்தாய். “என் கழுத்தா? நல்லாத்தாம்மா இருக்கு.” அத்தோடு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை.

அண்ணன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான், சிக்னல் கிடைக்கும்போது பார்ப்பாய். இரண்டு வரி. அப்பாவுக்கு ஒரு சின்ன சந்தேகம், கழுத்துப் பக்கம் ஒருதரம் செக் பண்ணிக்கோ என்று. அவனுக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை, அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவின் நாற்காலியை எடுத்துப் போய்க் கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். அவனை ஒன்றும் கேட்காதே. சரி என்று காதில் விழுந்ததைச் சரி என்று எழுதினான், யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் இரண்டு வரியில் அடங்குகிற சமாச்சாரமா இது. அதனால்தான் கடிதம். கூரியர் தம்பி தன் கையாலேயே உன் ஊர்ப் பையில் போடுகிறேன் என்றிருக்கிறான்.

நீ வாங்கிவிட்டாய் என்பதை அப்பாவிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது, நான் கத்தியது தெருமுனை வரைக்கும் போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவர் அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து என் தையல் மெஷின் பக்கம் போனார். நூல்கண்டை எடுத்து என் மடியில் போட்டார், நுனியை இழுத்துத் தன் விரலில் சுற்றிக்கொண்டு மறு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லித் தலையை ஆட்டினார். எனக்குப் புரியவில்லை, வேளை கெட்ட வேளையில் இது என்ன விளையாட்டு என்று நினைத்துவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நூலை மேஜையின் விளிம்போடு ஒட்டி இழுத்துப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். துணியை நேராக வெட்டியிருக்கிறோமா என்று நாங்கள் பார்ப்போமே, அதே பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோணலா நேரா என்று பார்க்கச் சொல்கிறார். பீரங்கிக்குப் போன் போட்டுச் சொன்னதும், அட, நூல் பிடிச்சுப் பார்க்கறது, எனக்குத் தோணாமப் போச்சே என்று கூவினார். மறுநாள் காலையில் கூரியர் தம்பி கிளம்பும் முன்னால் அவன் வண்டியில் நானே பிடித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன், உனக்கு எழுத வேண்டுமே. அப்பா மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றாகக் கேட்டுக்கொள். சமதரையில் வண்டியை நேராக நிமிர்த்தி, யாரையாவது பிடிக்கச் சொல்லி, ஹேண்டில்பாரைக் கோணாமல் வை. நீளமான கெட்டி நூலைப் பின் டயருக்குப் பின்னால் ஒரு சுற்றுப் போட்டு, இரண்டு முனையையும் வண்டியின் இரண்டு பக்கமாக, எதிலும் இடிக்காத உயரத்தில் முன்னால் கொண்டு வா. பின் டயரின் இரண்டு விளிம்பையும் நூல் தொட்டுக்கொண்டு வர வேண்டும். முன் டயர் ஒல்லி, அதனால் அங்கே இரண்டு பக்கமும் இடைவெளி விழும். அந்த இடைவெளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சல் என்றால் பின்சக்கரத்தையே கோணலாக மாட்டியிருக்கலாம், அது சின்ன விஷயம், செயின் பக்கம் கோடு போட்டிருக்கும், அதை வைத்துச் சரிபண்ணிவிட்டு மறுபடி பார். அப்போதும் கோணினால் வண்டியே கோணல். அடுத்தது, நடு ஸ்டாண்டு போட்டு, அது இல்லாவிட்டால் என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, யாரையாவது பின்பக்கம் அமுக்கச் சொல்லி, முன் சக்கரம் தரையைத் தொடாமல் வைத்து ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாகத் திருப்பு. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போக வேண்டும், நடுவில் எங்கேயாவது பிடித்து நின்றால் அங்கே கோளாறு. கழுத்தடியில் டார்ச் அடித்துப் பார், ஹேண்டில் திரும்பி வந்து முட்டுகிற இடத்தில் ஒரு சின்னத் திமில் இருக்குமாம், அது நசுங்கியிருந்தால் வண்டி எங்கேயோ முட்டியிருக்கிறது என்று அர்த்தம். பெயிண்டின் மேல் நகத்தை வைத்து நகர்த்திப் பார், மேடு தட்டுகிறதா, மயிரிழையாகக் கோடு ஓடுகிறதா என்று. எங்கே வலிக்கிறது என்று மாடு உன்னிடம் சொல்கிறதா, நீதானே கையை வைத்துக் கண்டுபிடிக்கிறாய், அந்தக் கையையே இதிலும் வை.

மற்றதும் சொல்லிவிடுகிறேன், வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது, இப்போதாவது பார். முன்கால் குழாய்களில் எண்ணெய் கசிந்து வளையம் வளையமாக இருக்கிறதா. செயின் சக்கரத்தின் பல் நேராக இருக்கிறதா, சுறாப் பல் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூராகிவிட்டதா. பிரேக் தட்டின் ஓரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு விளிம்பு எழும்பியிருக்கிறதா. டயர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விழுந்தால் அது கிழட்டு டயர், கிழடு என்றால் மழையில் பிடிக்காது. ஹேண்டில்பார் நுனி, பிரேக் கைப்பிடி நுனி, கால் வைக்கிற கட்டை இதெல்லாம் உராய்ந்திருந்தால் எந்தப் பக்கமாக விழுந்த வண்டி என்று தெரியும். என்ஜின் மேல் வெட்டியிருக்கிற நம்பரும் வண்டிப் புத்தகத்தில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்தாயா, பார்த்திருக்க மாட்டாய். நீ போனபோது என்ஜின் சூடாக இருந்ததா? இருந்தால் விற்ற ஆள் உனக்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறான், குளிரில் அது எப்படிக் கிளம்புகிறது என்று நீ பார்த்துவிடக் கூடாது என்று. காலையில் கை வைத்தால் சில்லென்று இருக்கும்போது கிளப்பிப் பார். இன்னொன்று, ஒருதரம் புல்தரையில் படுக்கப் போட்டுத் தனியாக உன்னால் தூக்கி நிறுத்த முடிகிறதா என்று பார்த்துக்கொள். அந்த மலைப்பாதையில் உன்னோடு வேறு யார் வரப்போகிறார்கள். சின்ன வண்டியில் நீ கையை முறுக்கினால் அது யோசித்துவிட்டுத்தான் போகும், இது யோசிக்காது என்று பீரங்கி சொல்கிறார். மருந்துப் பெட்டியைப் பின்னால் உயரத்தில் கட்டாதே, இரண்டு பக்கமும் தொங்கும் பையாக மாற்று, பையை நான் தைத்து அனுப்புகிறேன், அளவு மட்டும் சொல்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பார்க்கிறேன், எனக்கே தலை சுற்றுகிறது. வண்டி ஓட்டத் தெரியாதவள், ஓட்டி ஓய்ந்து வாயும் ஓய்ந்துபோனவர், காது செவிடாகும்படி பேசுகிற ஒரு பெயிண்டர், மூன்று பேரும் இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே இருக்கிற ஒரு வண்டிக்கு ஜோசியம் பார்க்கிறோம். அது நல்ல வண்டியாகவே இருக்கலாம். அப்படி இருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்துக்கொள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்தத் தாள் உன் கைக்கு வருவதற்குள் நீ எத்தனை இறக்கத்தில் இறங்கியிருப்பாய் என்று நினைத்தால் எழுதுகிற கை நின்றுவிடுகிறது. மாட்டுக்கு வலி எடுத்தால் நீ போகாமல் இருக்க மாட்டாய், இரு என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. கெஞ்சிக் கேட்கிறேன், கழுத்தைப் பார்க்கும் வரைக்கும் இறக்கத்தில் முதல் இரண்டு கியரைத் தாண்டாதே. கழுத்து போன வண்டி என்று தெரிந்தால் அதை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தலையில் கட்டிவிடாதே, எடைக்குப் போடு. ஏற்றத்துக்கு வேறு வழி என்ன என்று சேர்ந்து யோசிக்கலாம்.

நீ எந்த ஏற்றத்தில் ஏறினாலும் நல்லபடியாக ஏறு, இறங்கி வரும்போது முழுசாக இறங்கி வா. உன் கை பட்ட உயிரெல்லாம் பிழைக்கட்டும், அந்தப் புண்ணியம் உன்னைச் சுற்றி நிற்கட்டும். தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் தொங்கவிடாதே. கடைசியாக ஒன்று, மறக்காமல் செய். சிக்னல் கிடைக்கிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடு. அப்பாவிடம் ஒரு கேள்வியும் கேட்காதே. போனை ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்தோடு ஒட்டி வைத்துக் கட்டிவிடு. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசை, பிறகு ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சம் முறுக்கு, மெதுவாக ஒரு சுற்று ஓட்டு. இங்கே நான் போனை அவர் காதில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க மாட்டேன், முகத்தைத்தான் பார்ப்பேன். பார்த்ததை உனக்கு ஒளிக்காமல் சொல்வேன்.

உன் போனுக்காகக் கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
அம்மா